திருத்தியவன் கை பட்ட கார்டுகள்: ஒரு தேடல் பயணம்

செவ்வாய், நியூயார்க்

மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் எகிப்தியக் கோவிலையும் ஐரோப்பிய ஓவியங்களையும் பார்க்க வருகிறார்கள். நானும் அக்கா மகனும் இரண்டையும் தாண்டி, அமெரிக்கப் பிரிவில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கும், ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட பேஸ்பால் கார்டுகளைத் தேடிப் போனோம். இந்த வாரம் முழுக்க எங்களுக்கு இதுதான் வேலை. அச்சில் தவறு விழுந்த கார்டுகள், அந்தத் தவறைச் சரி செய்யப்போய்ப் பிறந்த வேரியேஷன்கள் என்ற மாற்று வடிவங்கள், இவற்றைத் தேடி நியூயார்க்கில் கிளம்பி, கூப்பர்ஸ்டவுன், டுரியா வழியாக ஃபிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில் ஓக்ஸ் என்ற ஊரில் நடக்கும் கார்டு கண்காட்சிக்குப் போகிறோம். அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிப் போடுகிறேன்.

இங்கே இருக்கும் கார்டுகள் ஜெஃபர்சன் பர்டிக் கொடுத்தவை. சிரக்யூஸில் தொழிற்சாலை வேலை பார்த்தவர். பெரிய வசதி கிடையாது. மூட்டுவாதத்தால் கைகள் முடங்கிக்கொண்டு வந்தன. 1940-களின் கடைசியிலிருந்து தன் சேகரிப்பை இங்கே கொடுக்கத் தொடங்கி, பிறகு இங்கேயே வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆல்பத்தில் ஒட்டினார். வேலை முடிந்தது 1963-இல். அதே ஆண்டு காலமானார். 3 லட்சத்துக்கும் அதிகமான அச்சுக் காகிதங்கள், அதில் பேஸ்பால் கார்டுகள் மட்டும் 30,000-க்கு மேல். வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றித்தான் வெளியில் வைக்கிறார்கள்.

இன்றைக்கு உலகம் முழுக்க சேகரிப்பவர்கள் சொல்லும் 'டி206' என்ற பெயரே பர்டிக் வைத்ததுதான். அவர் போட்ட பட்டியலில் 'டி' என்றால் இருபதாம் நூற்றாண்டின் புகையிலைக் கார்டுகள். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்துக் கொடுத்த வரிசை அது. ஒன்றரை அங்குலத்துக்கும் குறைந்த அகலம், வெள்ளை ஓரம், கல்லச்சின் தட்டையான நிறங்கள். எல்லோருக்கும் தெரிந்த ஹோனஸ் வாக்னர் கார்டு இந்த வரிசையில்தான் வருகிறது. ஆனால் அது அச்சு பாதியில் நின்றுபோனதால் அரிதான கார்டு. தவறு என்று பார்த்தால் இந்த வரிசையில் எனக்குப் பெரியவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் ஷெர்ரி மகீ. ஃபிலடெல்ஃபியா ஆட்டக்காரர், 1910-இல் நேஷனல் லீக்கில் பேட்டிங் சராசரியில் முதலிடம் பிடித்தவர். அவர் பெயர் எம், ஏ, ஜி, இரண்டு ஈ. கார்டில் கடைசி இரண்டு எழுத்தும் ஐ, ஈ என்று விழுந்துவிட்டது. யாரோ சீக்கிரமே கண்டுபிடித்துத் திருத்திவிட்டார்கள். திருத்திய கார்டு நிறையக் கிடைக்கிறது, திருத்தாதது மிகக் கொஞ்சம்.

இன்னொருவர் ஜோ டாயில். அவர் ஆடியது அமெரிக்கன் லீக்கின் நியூயார்க் அணிக்கு. அதே ஊரின் நேஷனல் லீக் அணியில் லாரி டாயில் என்று இன்னொருவர். இரண்டு டாயில்களும் குழம்பிப் போய், ஜோவின் கார்டில் 'என்.ஒய். நேட்டில்', அதாவது நியூயார்க் நேஷனல் லீக், என்று விழுந்துவிட்டது. திருத்தியவர் சரியான லீக் பெயரைப் போடவில்லை. 'நேட்டில்' என்பதை மட்டும் எடுத்துவிட்டு 'என்.ஒய்.' என்று விட்டுவிட்டார். அதனால் சாதாரண ஜோ டாயில் கார்டில் ஊர் பெயர் மட்டும் தனியாக நிற்கும். அந்த ஒரு சொல் அழியாத கார்டுகள் இன்று விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன.

ஆல்பத்தில் ஒட்டியதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டி206-இல் பின்பக்கம் முக்கியம். பீட்மாண்ட், ஸ்வீட் கேப்போரல் என்ற சிகரெட் பெயர்கள் பின்னால் இருந்தால் சாதாரணம். அதே முகம், அதே படம், பின்னால் டிரம் அல்லது உஸிட் என்று இருந்தால் கதையே வேறு. பர்டிக்கின் காலத்தில் முகம்தான் கார்டு, பின்பக்கம் விளம்பரம். அதனால் பின்பக்கம் மறையும்படி பசை தடவி ஒட்டினார். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பட்டியல் போட்டிருக்காவிட்டால் எந்தப் பின்பக்கம் அரிது என்று கேட்கவே நமக்குத் தெரிந்திருக்காது.

புதன், கூப்பர்ஸ்டவுன்

நியூயார்க்கிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினோம். கடைசிப் பகுதி முழுக்கக் குன்றும் பண்ணையும். ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர், அதில் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம். 2019-இல் திறந்த 'ஷூபாக்ஸ் ட்ரெஷர்ஸ்' என்ற கார்டுப் பிரிவில்தான் எங்கள் காலை கழிந்தது. வாக்னரைப் பார்த்தோம். பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மதியம் மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் புகுந்தோம். கண்ணாடி அலமாரியில் டாப்ஸ் என்ற கார்டு கம்பெனி 1957-இல் போட்ட ஹாங்க் ஆரன், கார்டு எண் 20. பையன்தான் முதலில் பிடித்தான்.

"மாமா, ஆரன் ரைட் ஹேண்டர்தானே? இதுல லெஃப்ட்ல நிக்கறாரு."

"சட்டையில நம்பரைப் பாரு."

44 திரும்பிக் கிடந்தது. ஃபிலிமை இடவலம் புரட்டி வைத்து அச்சடித்துவிட்டார்கள். வலது கை ஆட்டக்காரர் இடது கைக்காரர் ஆகிவிட்டார். பையன் அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான்: ஆரன், அதிலும் தவறு, அப்படியானால் எவ்வளவு பெரிய விலை இருக்கும்! கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இது ஆரன் என்பதற்குத்தான் விலை தம்பி. தவறுக்குத் தனி விலை கிடையாது."

காரணம், டாப்ஸ் அதைத் திருத்தவே இல்லை. அந்த வருடம் வந்த எல்லா ஆரன் கார்டும் இப்படித்தான். இதைச் சேகரிப்பவர்கள் 'யு.இ.ஆர்.' என்று குறிப்பார்கள், திருத்தப்படாத தவறு. 1959-இல் லூ பர்டெட் என்ற வலது கைப் பந்துவீச்சாளர் வேண்டுமென்றே கையுறையை மாற்றிப் போட்டுக்கொண்டு இடது கைக்காரர் போல நின்று படம் எடுக்க வைத்தார். டாப்ஸ் ஏமாந்தது, பெயரையும் தப்பாக எழுதியது, திருத்தவில்லை. 1969-இல் அவ்ரேலியோ ரோட்ரிகஸ் கார்டில் இருப்பது ரோட்ரிகஸே இல்லை. அணியின் பேட்பாய், அதாவது மட்டைகளை எடுத்துக் கொடுக்கும் பையன், லெனர்ட் கார்சியா. அதுவும் அப்படியே நின்றது. கதை அருமையான கதை. கார்டோ யாருக்கும் எட்டும் கார்டு.

"அப்போ தப்பு பண்ணா விலை இல்ல, தப்பைத் திருத்தினாதான் விலையா?" என்று கேட்டான்.

நான் இத்தனை காலம் கார்டு சேர்த்து, சொல்லிச் சொல்லிப் பார்த்தும் இவ்வளவு சுருக்கமாக எனக்கு வந்ததில்லை. எரர் கார்டு வேட்டை என்று நாம் சொல்வது உண்மையில் திருத்தியவரைத் தேடும் வேட்டை. எங்கோ ஒருவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும், இயந்திரத்தை நிறுத்தியிருக்க வேண்டும், பிளேட்டை மாற்றியிருக்க வேண்டும். அவர் எவ்வளவு சீக்கிரம் வந்தாரோ அவ்வளவு அரிது முன்னால் வந்த கார்டு. அவர் தாமதமாக வந்திருந்தால் அரிதாவது திருத்திய கார்டு. எந்தப் பக்கம் அரிது என்பது அவர் வந்த நேரத்தைப் பொறுத்தது.

வியாழன், டுரியா

பென்சில்வேனியாவில் ஸ்க்ராண்டனுக்குத் தெற்கே ஒரு பழைய சுரங்க ஊர். டாப்ஸின் ஆலை பல பத்தாண்டுகள் இங்கே ஓடியது. இன்று பார்க்க அதிகம் ஒன்றும் இல்லை. கட்டடங்களைச் சுற்றி நடந்துவிட்டு, ஒரு சின்ன உணவகத்தில் உட்கார்ந்து பையனுக்கு ஷீட் கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன்.

கார்டுகள் ஒவ்வொன்றாக அச்சாவதில்லை. டாப்ஸ் ஷீட்டில் 132 கார்டு, பதினொன்றும் பன்னிரண்டுமாக. 1982 வரிசையில் மொத்தம் 792 கார்டு, அதாவது ஆறு ஷீட். நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று நாலு நிறமும் தனித்தனி பிளேட்டாக ஒன்றன்மேல் ஒன்று விழும். 1982-இல் சில ஷீட்டுகள் கருப்பு விழாமலேயே வெளியே போய்விட்டன. அந்த வருடக் கார்டுகளில் ஆட்டக்காரரின் கையெழுத்து கருப்பில் அச்சாகியிருக்கும். கருப்பு இல்லாத கார்டில் கையெழுத்தே இல்லை, படமும் வெளிறிப்போய் இருக்கும். இப்படிக் கிடைத்தவை ஆறில் மூன்று ஷீட்டைச் சேர்ந்தவை மட்டுமே. 'பிளாக்லெஸ்' என்று பெயர். ஒரு ஷீட் தப்பினால் 132 பேரும் சேர்ந்து தப்புவார்கள். இதைப் புரிந்துகொண்டால் ஒரு கார்டைப் பார்க்கும்போது அதன் பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்து யோசிக்கப் பழகிவிடுவோம். நாளைக்கு இது தேவைப்படும் என்று அவனிடம் சொல்லி வைத்தேன்.

வெள்ளி, ஓக்ஸ்

கதவு திறந்ததும் உள்ளே போய்விட்டோம். வரிசை வரிசையாக மேஜை. ஒரு பக்கம் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரம் போட்ட ஸ்லாப்கள், இன்னொரு பக்கம் நீளமான வெள்ளை அட்டைப் பெட்டிகளில் காமன்ஸ், அதாவது பெரிய விலையில்லாத சாதாரணக் கார்டுகள். என் இடம் இரண்டாவது.

ஆனாலும் முதல் ஒரு மணி நேரம் ஒரே மேஜையில் நின்றேன். அந்த டீலர் 1989 ஃப்ளீர் பில் ரிப்கன், கார்டு எண் 616-இன் எல்லா வடிவத்தையும் ஒரே சட்டத்தில் அடுக்கி வைத்திருந்தார். ஃப்ளீர் இந்த ஃபிலடெல்ஃபியாவின் கம்பெனி என்பதால் இங்கே அதைப் பார்ப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ரிப்கன் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறார். மட்டையின் அடிக்குமிழில் பெரிய எழுத்தில் ஒரு கெட்ட வார்த்தை. பயிற்சி மட்டையை அடையாளம் தெரிய அவரே எழுதிக்கொண்டது என்று பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். கார்டு கடைக்கு வந்த பிறகு விஷயம் வெடித்தது. ஃப்ளீர் அவசர அவசரமாக மறைக்கப் பார்த்தது. ஒரு தடவை வெள்ளை பூசியது போல. ஒரு தடவை கிறுக்கி. கடைசியில் நேர்த்தியான ஒரு கருப்புக் கட்டம். கருப்புக் கட்டம் நிறையக் கிடைக்கும். வெள்ளை பூசியதுதான் தேடி அலைய வேண்டியது.

என் லூப்பை (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை) எடுத்து அந்த வெள்ளையைப் பார்த்தேன். பத்து மடங்கில் பார்த்தால் எல்லாம் புள்ளிதான். நிறப் புள்ளிகள் குமிழின் விளிம்பு வரை ஒழுங்காக வந்து நிற்கின்றன, பிறகு காகிதத்தின் வெள்ளை. மேலே எதுவும் தடவிய மேடு இல்லை, சுரண்டிய தழும்பு இல்லை, மேல்பூச்சின் பளபளப்பு அறுபடவில்லை. பிளேட்டிலேயே செய்த திருத்தம் இப்படித்தான் இருக்கும். ஃப்ளீருக்கு அந்த வருடம் கொஞ்ச நஞ்ச தலைவலி இல்லை. ராண்டி ஜான்சன் கார்டில் பின்னால் மார்ல்பரோ விளம்பரப் பலகை தெரிகிறது என்று அதையும் படிப்படியாக நிறம் ஏற்றி, கடைசியில் இருட்டாக்கி மறைத்தார்கள். அந்த ஒவ்வொரு படியையும் தனித்தனியாகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

மதியத்துக்கு மேல் ஒரு கசப்பு. ஒரு மேஜையில் 1990 டாப்ஸ் ஃப்ராங்க் தாமஸ், எண் 414, முன்பக்கம் பெயர் இல்லாதது, உறையில்லாமல் இருந்தது. நவீன காலக் கார்டுகளில் இதைவிடப் பெயர் பெற்ற அச்சுத் தவறு இல்லை. கருப்பு பிளேட்டில் ஏதோ மறைத்ததால் ஷீட்டின் ஒரு பகுதியில் கருப்பு விழவில்லை. அந்தப் பட்டைக்குள் தாமஸின் பெயர் மொத்தமாக மாட்டிக்கொண்டது. அக்கம்பக்கத்துக் கார்டுகளில் கருப்புக் கோடு அங்கங்கே அறுந்தது. நான் லூப்பை வைத்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள் தேய்ந்து உடைந்திருந்தன. சாய்த்துப் பிடித்தால் அந்த இடம் மட்டும் மங்கல். பெயரை யாரோ அழித்திருக்கிறார்கள். விற்றவரிடம் காட்டினேன். அவர் கார்டை எடுத்து உள்ளே வைத்தார். நான் நகர்ந்த கொஞ்ச நேரத்தில் திரும்ப வெளியே வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் இதைப் படிக்கிறவர்கள் லூப் இல்லாமல் இந்தக் கார்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொரு ஏமாற்று வெயிலில் காய வைப்பது. மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் போகும், நீலமும் கருப்பும் மிஞ்சும். அதை 'நிறம் விடுபட்ட கார்டு' என்று விற்கிறார்கள். உண்மையிலேயே நிறம் விழாத கார்டில் அந்த நிறத்தின் புள்ளியே இருக்காது. வெளுத்த கார்டில் பேய் போல ஒரு சாயல் மிச்சம் இருக்கும்.

சனி, ஓக்ஸ்

டாலர் பெட்டி நாள். ஒரு கார்டு ஒரு டாலர், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று டீலருக்கே முழுசாகத் தெரியாது. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது. விரல் நுனி முழுக்கப் பழைய அட்டையின் தூசி. 1970-கள் கார்டு சிலவற்றில் பின்பக்கம் சூயிங்கம் கறை, பாக்கெட்டில் கம்மோடு ஒட்டிக் கிடந்ததன் அடையாளம்.

முதலில் கிடைத்தது 1979 டாப்ஸ் பம்ப் வில்ஸ், எண் 369. அவர் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரர். கார்டில் 'ப்ளூ ஜேஸ்' என்று அணிப் பெயர். பிறகு ரேஞ்சர்ஸ் என்று திருத்தினார்கள். இரண்டும் அதே பெட்டியில் நாலு அங்குல இடைவெளியில் கிடந்தன. இரண்டு டாலர். இந்த ஜோடி பணக்காரக் கார்டு கிடையாது, ஆனால் எரர் கார்டு சேர்க்க ஆரம்பிக்கிற யாருக்கும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். தவறும் திருத்தமும் கைக்கெட்டும் விலையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

1981 ஃப்ளீர் கட்டு ஒன்றும் அகப்பட்டது. டாப்ஸின் ஏகபோகத்தை எதிர்த்து ஃப்ளீர் தொடுத்த வழக்கில் 1980-இல் இங்கே ஃபிலடெல்ஃபியாவில்தான் தீர்ப்பு வந்தது. அடுத்த வருடமே ஃப்ளீரும் டான்ரஸும் அடித்துப் பிடித்துக் கார்டு போட்டார்கள். அவசரத்துக்குக் கூலியாகத் தவறுகள் குவிந்தன. அதில் முதல் அச்சில் வந்து பிடிபட்டது கிரெய்க் நெட்டில்ஸ். பெயரின் முதல் எழுத்து ஜி. பின்பக்கம் 'சி' என்று விழுந்தது, அடுத்த அச்சில் சரியானது. கட்டில் இருந்த நெட்டில்ஸைத் திருப்பினேன். ஜி. எல்லோருக்கும் கிடைக்கிற ஜி. பரவாயில்லை.

நான் பணம் செலவழித்தது 1958 டாப்ஸில். அந்த வருடம் சில கார்டுகளில் பெயரோ அணிப் பெயரோ வெள்ளைக்குப் பதிலாக மஞ்சள் எழுத்தில் விழுந்தது. ஆரன், க்ளெமென்ட்டே இருவருக்கும் மஞ்சள் உண்டு. அவற்றின் பக்கம் நான் போகவில்லை. பெயர் பெறாத ஒரு ஆட்டக்காரரின் மஞ்சள் எழுத்துக் கார்டு, ஒரு மூலை மழுங்கியது, முப்பத்தைந்து கேட்டார், இருபத்தெட்டுக்குக் கொடுத்தார். லூப்பில் பார்த்தால் வெள்ளை எழுத்து வர வேண்டிய இடத்தில் மஞ்சள் கெட்டியாக, ஓரம் சுத்தமாக நிற்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

1974 'வாஷிங்டன்' கார்டு ஒன்றும் கையில் எடுத்தேன். சான் டியாகோ பாட்ரெஸ் அணி வாஷிங்டனுக்குப் போகப் போகிறது என்று நம்பி, டாப்ஸ் அந்த அணியின் கார்டுகளில் 'வாஷிங்டன் நேட்டில் லீ.' என்று அச்சடித்துவிட்டது. அதற்குள் மெக்டொனால்ட்ஸின் ரே க்ராக் அணியை வாங்கி சான் டியாகோவிலேயே நிறுத்திக்கொண்டார். நடக்காமல் போன ஒரு வரலாற்றைக் கார்டில் மட்டும் பார்க்க முடிகிறது. விலை ஒத்துவரவில்லை, வைத்துவிட்டேன்.

பையனுக்கு இதெல்லாம் பழசு. அவன் தேடுவது இந்தக் காலத்து வேரியேஷன்கள். அதே எண், அதே ஆட்டக்காரர், வேறு படம். கம்பெனியே திட்டமிட்டுக் குறைவாக அச்சடிப்பது. பின்பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறியீட்டு எண் இருக்கும். அதன் கடைசி இலக்கங்கள் மாறினால் அது வேரியேஷன். அவன் கண்ணுக்கு அது சட்டென்று தெரிகிறது, என்னால் முடியாது. ஆனாலும் எனக்கு அதில் ஒட்டவில்லை. வேண்டுமென்றே அரிதாக்கிய பொருளில் யாரும் பதறி இயந்திரத்தை நிறுத்தவில்லையே. அவன் விடவில்லை.

"உங்க கார்டை டீலர் முன்னாடியே பார்த்துட்டு விலை வெச்சுடறார் மாமா. என்னோடதை அவர் பார்க்கவே மாட்டார். அதனாலதான் டாலர் பெட்டியில கிடைக்குது."

அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. மாலைக்குள் அப்படி இரண்டு எடுத்துவிட்டான்.

மூடும் நேரத்தில் அவனேதான் இன்னொன்றைக் காட்டினான். 1990 டாப்ஸ், சின்சினாட்டி ரெட்ஸ் ஆட்டக்காரர் ஒருவர். படத்தைச் சுற்றி ஓடும் மெல்லிய கருப்புக் கோடு ஒரு பக்கத்தில் கொஞ்ச தூரம் இல்லை. டுரியாவில் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் கணக்கு அவனுக்கு நினைவிருக்கிறது. குரலே மாறிவிட்டது. லூப்பில் புள்ளிகள் முழுசாக இருந்தன, பளபளப்பும் அறுபடவில்லை. யாரும் அழித்ததில்லை. ஒரு டாலர் கொடுத்து வாங்கினோம்.

ஞாயிறு, ஓக்ஸ்

நேற்றிரவு தங்கிய இடத்தில் தாமஸின் ஷீட் அமைப்பை எடுத்து வைத்துக்கொண்டு சரிபார்த்தோம். கருப்பு விடுபட்ட பட்டைக்குள் வரும் கார்டுகளைச் சேகரிப்பவர்கள் ஏற்கெனவே அடையாளம் கண்டு வைத்திருக்கிறார்கள். நம்முடையது அதில் இல்லை. பையன் முகம் சுருங்கியது. அப்படியானால் இரண்டு வாய்ப்பு. ஒரே ஒரு தடவை மை விழாமல் போன அச்சுக் குறையாக இருக்கலாம். அல்லது பிளேட்டிலேயே கோளாறு இருந்து பல ஷீட்டில் திரும்பத் திரும்ப விழுந்ததாக இருக்கலாம். முதலாவது ஒரு வேடிக்கைப் பொருள். இரண்டாவதை வேரியேஷன் என்று சிலராவது பட்டியலில் சேர்ப்பார்கள். இரண்டாவது பிரதி அதே இடத்தில் அதே அளவு அறுந்து கிடைத்தால்தான் பதில்.

1990 டாப்ஸ் மலை மலையாக அச்சான வருடம் என்பதால் தேடுவது சுலபம். காலையில் கதவு திறந்ததிலிருந்து காமன்ஸ் வைத்திருந்த ஒவ்வொரு மேஜையிலும் அதே ரெட்ஸ் ஆட்டக்காரரைக் கேட்டான். ஒரு டீலர் ஒரு கட்டையே எடுத்துக் கொடுத்துவிட்டு, "என்ன தேடுகிறாய்?" என்றார். பையன் காட்டினான். அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சேர்ந்து புரட்டினார். எல்லாவற்றிலும் கோடு முழுசாகவே இருந்தது.

"கிடைச்சா உங்களுக்குத் தனியா எடுத்து வைக்கிறேன்" என்று அவர் கார்டு எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். பையன் அந்தக் கட்டிலிருந்து கோடு முழுசாக உள்ள, மூலை நன்றாக இருக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து இருபத்தைந்து சென்ட் கொடுத்தான்.

"இது எதுக்குடா?"

"ஒப்பிட வேணாமா மாமா? வில்ஸ் கார்டு மட்டும் ஜோடியா வாங்கினீங்க!"

இரண்டையும் ஒரே பக்கத்தில் பைண்டரில் போட்டான். அடுத்த கண்காட்சிக்கு அந்த எண்ணையும் என் செக்லிஸ்ட்டில் சேர்த்துக்கொண்டேன், நெட்டில்ஸின் 'சி'-க்கு அடுத்த வரியில்.